பேட்டர்ன் பொருந்தவில்லையா? செண்பகனூரிலிருந்து 8 அறிவுரைகள்

பிஎச்பியில் ரெஜெக்ஸ் பழகும் தம்பி, தங்கையருக்கு: முகவரிப் பட்டியலில் ஊர்ப்பெயர் கண்ணுக்கு நேரே இருக்கும், தேடினால் அகப்படாது. நாம் பார்ப்பது எழுத்து, கணினி பார்ப்பது குறியீடு. பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எங்கள் ஊர்ப் பெயரை வைத்தே சொல்கிறேன்.

1. எண்ணிப் பாருங்கள். ‘செண்பகனூர்’ நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் 10 குறியீடு. யுடிஎஃப்-8 கோப்பில் 30 பைட்.

2. பேட்டர்னின் முடிவில் ‘யு’ மாடிஃபையர் இல்லாமல் தமிழைத் தேடாதீர்கள். அது இல்லையென்றால் ‘டாட்’ ஒரு பைட்டைத்தான் பிடிக்கும்; இருந்தால் ஒரு குறியீட்டை. முழு எழுத்தும் வேண்டுமானால் பின்சாய்வுக்கோடும் பெரிய ‘எக்ஸ்’ எழுத்தும் போடுங்கள்.

3. இவ்வூரைச் ‘செம்பகனூர்’ என்றும் எழுதுவார்கள். இரண்டையும் பிடிக்க செ[ண்ம்]பகனூர் என்று எழுதினால் இரண்டுமே தப்பிவிடும். சதுர அடைப்பு ஒரே ஒரு குறியீட்டை எடுக்கும். மெய்யெழுத்தோ இரண்டு குறியீடு. செ(ண்|ம்)பகனூர் என்று எழுதுங்கள்.

4. வேற்றுமை உருபை மறவாதீர்கள். ‘செண்பகனூரில்’, ‘செண்பகனூருக்கு’ என்று வரும்போது ‘ர்’ மேலிருந்த புள்ளி போய்விடுகிறது. பேட்டர்னைச் ‘செண்பகனூர’ என்று நிறுத்தினால் எல்லா வடிவமும் கிடைக்கும்.

5. சொல்லைப் பிடிக்கப் பின்சாய்வுக்கோட்டு ‘டபிள்யூ’வை நம்பாதீர்கள். கொம்பும் காலும் அதன் கணக்கில் எழுத்தல்ல, ‘ச’வோடு நின்றுவிடும். யூனிகோடின் ‘எல்’ வகையையும் ‘எம்’ வகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

6. ‘கொடைக்கானல்’ தேடும்போது கவனம். ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பேட்டர்ன், உரை இரண்டையும் முதலில் நார்மலைசரில் போட்டு எடுங்கள்.

7. பிரெக்_மேட்ச் 0 தந்தால் பொருந்தவில்லை என்று பொருள். ஃபால்ஸ் தந்தால் தேடலே முறிந்துவிட்டது. இரண்டையும் மூன்று சமக்குறி இட்டுப் பிரித்தறியுங்கள். காரணத்தை பிஎச்பி 8 முதல் பிரெக்_லாஸ்ட்_எரர்_எம்எஸ்ஜி சொல்லும். சப்ஸ்டர் கொண்டு தமிழை வெட்டினால் எழுத்து பைட்டுகளுக்கு நடுவே அறுபட்டு ஃபால்ஸ் வரலாம்; எம்பி_சப்ஸ்டர் பயன்படுத்துங்கள்.

8. அப்போதும் சிக்கினால் பேட்டர்னைச் ‘செ’ வரை குறைத்து ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பொருத்தம் அறுகிறதோ, பிழை அங்கே. சரியாகிவிட்டதும் மன்னவனூர், வில்பட்டி போன்ற வேறு ஊர்ப்பெயர்களையும் கொடுத்துப் பாருங்கள். பிடிக்கக்கூடாததைப் பிடிக்காமல் விட்டால்தான் உங்கள் வேலை முடிந்தது.