மேற்கோளும் நாணயமும்: ஆய்வெழுத்தில் துணைநூற்பட்டியல் மென்பொருள்

முன்னுரை

பிறர் உழைத்துக் கண்ட கருத்தை எடுத்தாளுங்கால் அவர் பெயரைச் சொல்லி எடுத்தாள்வது புலமை உலகின் முதல் ஒழுக்கமாகும். வாங்கிய கடனுக்குக் கணக்கு வைப்பதைப் போன்றது அது. கணக்கு வைக்காதவன் கடனை மறுக்கும் எண்ணம் இல்லாதவனாயினும், கேட்கும் நாளில் விடை சொல்ல இயலாமல் நிற்பான். ஆய்வேட்டின் அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் அத்தகைய கணக்கேடுகளே. ஆயினும் முதுகலை மாணவர் முதல் முனைவர் பட்ட ஆய்வாளர் வரை பலரும் அவற்றைக் கடைசி வாரத்தில், அரைகுறைக் குறிப்புகளைக் கொண்டு, அவசரமாகத் தொகுப்பதைக் காண்கிறோம். இப்பணியை ஒழுங்காகச் செய்ய உதவும் கணினி மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவை யாவை, எவ்வாறு இயங்குகின்றன, தமிழ் ஆய்வில், குறிப்பாக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வில், அவற்றைக் கையாளும்போது எவற்றில் விழிப்பு வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கோள் மரபு

மூலத்தைச் சுட்டும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்றது எனக் கருதுவது பொருந்தாது. தொல்காப்பியர் தம் இலக்கணத்தின் பல இடங்களில், தமக்கு முன்னிருந்த புலவர்களின் கூற்று இது என்று சுட்டிச் செல்கிறார். ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் வாசகத்தோடு, அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரும் ஆராயப்படுகிறது. தொடர் அறுந்தால் செய்தியின் வலிமை குன்றும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சொற்பொருளுக்குச் சான்றாகும் நூலையும் இடத்தையும் சுருக்கக் குறியீடுகளால் காட்டுகிறது.

மூலம் சுட்டாமையால் நேர்ந்த துன்பத்திற்கும் நம்மிடமே சான்று உண்டு. பழைய உரையாசிரியர்கள் பல மேற்கோள்களை நூற்பெயர் கூறாமலே காட்டிச் சென்றனர். அக்காலத்து மாணாக்கர் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்தமையால் பெயர் தேவைப்படவில்லை. நூல்கள் வழக்கொழிந்தபின், அம்மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்பதை அறிய 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளிடையே பெரிதும் உழைக்க வேண்டியதாயிற்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்ட பகுதிகளும் தொகை நூல்களில் இடம்பெற்ற பாடல்களுமே அவற்றில் எஞ்சியவை. ஆகவே மேற்கோள் என்பது நூலின் வாழ்நாளை நீட்டிப்பதாகவும் அமைகிறது. பெயரோடு வைத்த மேற்கோள் நூலைக் காக்கிறது. பெயரின்றி வைத்த மேற்கோள் பின்வருவோருக்குப் புதிராகிறது.

அட்டையிலிருந்து கணினிக்கு

சென்ற தலைமுறை ஆய்வாளர்கள் நூல் ஒன்றிற்கு ஓர் அட்டை என எழுதி, அகரவரிசையில் பெட்டியில் அடுக்கி வைத்தனர். அவ்வட்டைப் பெட்டியின் கணினி வடிவமே மேற்கோள் மேலாண்மை மென்பொருள். எண்ட்நோட், மெண்டெலே, ஜொட்டெரோ ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள் ஜொட்டெரோவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இது அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஊடக மையத்தில் உருவாக்கப்பட்டு, 2006இல் வெளியிடப்பட்டது. பயன்படுத்தக் கட்டணம் இல்லை. நிரல் மூலமும் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. பெயர், கைவரப் பெறுதலைக் குறிக்கும் அல்பேனியச் சொல்லிலிருந்து பிறந்தது.

இதன் செயல்முறை மூன்று படிகளில் அடங்கும். முதலாவது, சேர்த்தல். ஒரு நூலகப் பட்டியலையோ ஆய்விதழின் இணையப் பக்கத்தையோ பார்க்கும்போது உலாவியிலுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு முதலியவை தனித்தனிப் புலங்களில் பதிவாகும். சர்வதேசத் தர நூல் எண்ணைத் தந்தும் நூல் விவரத்தைப் பெறலாம். பழைய தமிழ் நூல்களுக்கு அவ்வெண் இராதாகலின் அவற்றைக் கையால் பதிய வேண்டும். இரண்டாவது, ஒழுங்குபடுத்தல். பதிவுகளை இயல்வாரியாகப் பிரித்து, படித்த குறிப்புகளையும் படியெடுத்த பக்கங்களையும் அந்தந்தப் பதிவோடு இணைத்து வைக்கலாம். மூன்றாவது, எழுதுதல். வேர்டு, லிபர் ஆபீஸ், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றில் எழுதும்போது, வேண்டிய இடத்தில் மேற்கோளைச் செருகினால் அடிக்குறிப்பு அமையும். இறுதியில் ஒரு கட்டளையால் துணைநூற்பட்டியலும் அமைந்துவிடும்.

இதன் பெரும்பயன் மாற்றத்தின்போது விளங்கும். ஆய்வேட்டுக்கு ஒரு முறை, கருத்தரங்கத் தொகுப்புக்கு வேறொரு முறை, ஆய்விதழுக்கு மற்றொரு முறை எனப் பாணிகள் பலவாகும். நானூறு அடிக்குறிப்புகளைக் கையால் மாற்றுவது வாரக்கணக்கான வேலை. மென்பொருளில் பாணியின் பெயரை மாற்றினால் அனைத்தும் மாறும். மேலும், உள்ளே எடுத்தாளப்பட்ட நூல்கள் மட்டுமே பட்டியலில் இடம்பெறும். கண்ணால் காணாத நூல்களைச் சேர்த்துப் பட்டியலை நீட்டும் பழக்கத்திற்கு இதனால் தானாகவே ஒரு தடை விழுகிறது.

பெயர் என்னும் சிக்கல்

இம்மென்பொருள்கள் குடும்பப்பெயர் வழங்கும் நாடுகளில் தோன்றியவை. பெயரின் இறுதிச் சொல் குடும்பப்பெயர் என்றும், முன்னுள்ளது இயற்பெயர் என்றும் அவை பெரும்பாலும் கருதிக்கொள்ளும். தமிழ் மரபிலோ தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். தம் பெயர் பின்னே நிற்கும். குடும்பப்பெயர் என்பதே பலருக்கு இல்லை.

இதனால் விளையும் பிழைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'பால்வீதி'யின் ஆசிரியர் கவிக்கோ அப்துல் ரகுமான். அவர் பெயர் தானாகப் பதிவாகும்போது 'ரகுமான், அப்துல்' எனப் பிளவுபட்டு, ரகர வரிசைக்குச் சென்றுவிடக்கூடும். இது வரிசைப் பிழை மட்டுமன்று, பொருட்பிழையும் ஆகும். 'அப்து' என்பது அடியான் எனப் பொருள்படும். 'ரஹ்மான்' இறைவனின் திருநாமம். இரண்டும் சேர்ந்து 'அருளாளனின் அடியான்' என்னும் ஒரே பெயராகின்றன. 'அப்துல் காதிர்', 'அப்துல் கறீம்' என்பனவும் இத்தகையனவே. இவற்றை இரண்டாக வெட்டுவது, பொருளறிந்தார் எவருக்கும் உடன்பாடாகாது.

இதற்குத் தீர்வு எளிது. பெயர்ப் புலத்தின் அருகிலுள்ள சிறு குறியை அழுத்தினால் இரட்டைப் புலம் ஒற்றைப் புலமாகும். அதில் 'அப்துல் ரகுமான்' என்று எழுதினால் எழுதியவாறே வெளிப்படும். தலைப்பெழுத்து உடையோர்க்கு 'முகம்மது உவைஸ், ம.' என்று இட்டால் மகர வரிசையில் அமையும். எம்முறையைக் கொள்வது என்பதை நெறியாளரிடம் கேட்டு, முதற்பதிவிலிருந்தே ஒரே முறையைப் பின்பற்றுதல் வேண்டும். 'உவைஸ்', 'உவைசு', 'எம்.எம். உவைஸ்' என மூவகையாக எழுதினால், கணினிக்கு அவர் மூன்று ஆசிரியர். படிப்பவருக்கு அவர் உழைப்பு மூன்றாகச் சிதறிக் கிடக்கும்.

ஆண்டும் பதிப்பும்

பழைய இஸ்லாமியத் தமிழ் அச்சு நூல்கள் பலவற்றில் ஹிஜ்ரி ஆண்டு காணப்படும். சிலவற்றில் அறுபதாண்டு வட்டத்தின் பெயரும் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள்கள் கொண்டது. ஆகவே ஒரு நிலையான எண்ணைக் கூட்டி ஆங்கில ஆண்டைப் பெற இயலாது. ஹிஜ்ரி 1300, 1882 நவம்பரில் தொடங்கி 1883 நவம்பர் தொடக்கத்தில் முடிந்தது. மாதம் தெரியாத நிலையில் அதனை 1882 என்றோ 1883 என்றோ துணிந்து எழுதுவதைவிட 1882-83 எனக் காட்டுவதே நேர்மை. சித்திரபானு ஆண்டு 1882இலும் தொடங்கியது, 1942இலும் தொடங்கியது. எந்த வட்டம் என்பதை வேறு சான்றால் உறுதி செய்தல் வேண்டும். நூலில் கண்ட ஆண்டை மென்பொருளின் கூடுதற் குறிப்புப் புலத்தில் அப்படியே எழுதி வைத்தால், பின்னர் எவரும் சரிபார்க்க வழி உண்டு.

பதிப்பு வேறுபாடும் அத்துணை இன்றியமையாதது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறியது. பின்னர் மூலமாகவும் உரையுடனும் பல பதிப்புகள் வந்தன. 'சீறாப்புராணம், பக். 112' என்று மட்டும் எழுதினால் எப்பதிப்பின் பக்கம் என்பது விளங்காது. நூலாசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்கு ஜொட்டெரோவில் தனித்தனிப் பங்குகள் உள்ளன. உமறுவை ஆசிரியராகவும், பதிப்பித்தவரைப் பதிப்பாசிரியராகவும் குறித்தல் வேண்டும். உரையாசிரியருக்கு உரிய இடத்தையும் மறவாமல் குறிக்க வேண்டும். காப்பியத்திற்குப் பக்க எண்ணோடு காண்டம், படலம், செய்யுள் எண் ஆகியவற்றையும் தருவது நலம். எப்பதிப்பை வைத்திருப்பவரும் இடத்தைக் கண்டுகொள்வார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' போன்ற பல தொகுதி நூல்களை ஒரே பதிவில் அடக்காமல், தொகுதிக்கு ஒரு பதிவாக வைத்தல் நன்று.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களிலிருந்து பெறும் பதிவுகளில் தமிழ்த் தலைப்புகள் உரோமன் எழுத்தில் வரக்கூடும். அவற்றைத் தமிழில் திருத்துக. தட்டெழுதுவது ஒருங்குறி எழுத்துருவிலேயே ஆகுக. பழைய எழுத்துருக்களில் எழுதியவை பிற கணினியில் படிக்க இயலாத குறிகளாய் மாறும். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ஆதலின் பட்டியலின் அகரவரிசை தமிழ் நெடுங்கணக்கோடு ஒத்துள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்துத் திருத்துக. ஆங்கிலப் பாணிகள் 'பக்.', 'ப.ஆ.' என வரவேண்டிய இடங்களில் ஆங்கிலச் சுருக்கங்களை இடக்கூடும். எல்லாம் முடிந்தபின் ஆவணத்தின் ஒரு படியைக் காப்பாக வைத்துக்கொண்டு, மறுபடியில் மென்பொருளின் இணைப்பை நீக்கி இவற்றைச் செப்பம் செய்யலாம். முன்னதாகவே நீக்கினால் பாணி மாற்றும் வசதி போய்விடும்.

கருவியின் எல்லை

கருவி அறியாத ஒன்று உண்டு: அது உண்மை. இல்லாத நூலின் பெயரைப் பதிந்தாலும் மென்பொருள் அதனை அழகாகவே அச்சிட்டுத் தரும். செயற்கை நுண்ணறிவு உரையாடற் கருவிகளிடம் மேற்கோள் கேட்போர் பெருகிவரும் இந்நாளில் இவ்வெச்சரிக்கை கூடுதல் பொருளுடையது. அக்கருவிகள் சிலபோது இருப்பது போலவே தோன்றும் நூற்பெயர்களைப் புனைந்து தருகின்றன. 2023 ஜூன் மாதத்தில், அவ்வாறு புனையப்பட்ட தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. நூலைக் கையிலெடுத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் எதனையும் பட்டியலில் சேர்க்கலாகாது. பிறர் நூலில் கண்ட மேற்கோளாயின், இன்னார் நூலில் கண்டது என்றே சொல்லுதல் வேண்டும்.

இஃது ஒழுக்க அளவில் நிற்பதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொணர்ந்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும்; 40 விழுக்காட்டைக் கடந்தால் ஓராண்டு திருத்திய ஏட்டை அளிக்கத் தடை; 60 விழுக்காட்டைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். அதே விதி, முறைப்படி மூலம் சுட்டிய மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இக்கணக்கிலிருந்து விலக்குகிறது. எனவே படித்த அன்றே எழுதிவைத்த ஒரு பக்க எண், மாணவரின் பல ஆண்டு உழைப்பைக் காக்கும் அரணாகலாம்.

முடிவுரை

மாணவச் செல்வங்கள் ஆய்வின் முதல் நாளிலேயே இக்கருவியை நிறுவி, முதல் நூலிலிருந்தே பதியத் தொடங்குதல் வேண்டும். நூலை மூடுமுன் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகிய நான்கையும் எழுதுக. வாரந்தோறும் ஒரு காப்புப்படி எடுத்து வேறிடத்தில் வைக்க. தமிழ்த்துறை ஆசிரியர்கள் ஒன்றிணைந்து, நம் பெயர் மரபுக்கும் நூல் மரபுக்கும் ஏற்ற பதிவு முறையொன்றை வகுத்துத் தந்தால் பின்வரும் மாணவர்க்கு அது பேருதவியாகும். ஊர்ப் பெரியவர்கள் தம் இல்லங்களிலுள்ள பழைய அச்சு நூல்களின் முகப்புப் பக்கத்தைப் பார்த்துப் பதிந்துகொள்ள மாணவர்க்கு இடமளித்தால், பட்டியலேறாத நூல்கள் பல வெளிச்சம் பெறும். அந்நூல்களை எழுதியோரும் பதிப்பித்தோரும் பொருள் ஈட்டியவர் அல்லர். அவர்களுக்கு நாம் திருப்பிச் செலுத்தக்கூடியது அவர்களின் பெயரைப் பிழையின்றி எழுதுவதே. அக்கடனைத் தீர்ப்பதற்கு மென்பொருள் துணை நிற்கும். தீர்க்க வேண்டியவர் நாமே.