இராப் பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

கள்ளக்குறிச்சியில் நீ பணியாற்றும் முதியோர் இல்லத்தில், ஞாபகசக்தி குன்றிய பெரியவர்கள் இராவேளையில் எழுந்து வீதிக்குப் போய்விடுகிறார்கள் என்றும், ஆகையால் படுத்தபின் கூடத்தை வெளியிலிருந்து பூட்டிவிடுவதே க்ஷேமம் அல்லவா என்றும் கேட்டிருந்தாய். படித்தவனாகிய நீ இதைக் கேட்டது எனக்குச் சற்றுக் கோபத்தையே உண்டாக்கிற்று.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டு ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவிழ்த்துவிட்டால் ஓடிப்போவார்கள், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வார்கள் என்பதுதான் இத்தகைய இடங்களில் சங்கிலிக்கு எப்போதும் சொல்லப்படும் நியாயம்; நீ பூட்டுக்குச் சொல்லும் நியாயமும் அதுவே என்பதைக் கவனி. தீ எதனால் மூண்டது என்று ஆராய்வது போலீசாரின் வேலை. என் அபிப்பிராயத்தில், எரியும் கூரையும் அவிழாத தளையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும்படி விட்டதே குற்றம். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆயினும், எவ்விதத்திலும் சங்கிலி கூடாது என்ற விலக்கும், உடனடி அபாயத்தைத் தடுக்க வேறு மார்க்கமே இல்லாதபோது மட்டும் மனநல வைத்தியரின் அனுமதியோடு கட்டுப்படுத்தலாம் என்ற வரையறையும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில்தான் தெளிவாக இடம்பெற்றன. இவ்வளவு தாமதத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

கிழவர் ஏன் எழுகிறார் என்று விசாரித்தாயா? பெரும்பாலும் மூத்திரத்துக்குத்தான். படுக்குமுன் அழைத்துப் போய்வந்து, நடையில் ஒரு சிறு விளக்கும், ஈரமில்லாத தரையும், கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அமைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். உள்ளிருந்து எவரும் திறக்கக்கூடிய கதவுக்கு ஒரு மணி கட்டு; அந்த மணியின் ஓசைக்கு எழுந்து வர ஓர் ஆள் விழித்திருக்கட்டும். விளக்கையும் கம்பியையும் அற்பமென்று எண்ணாதே: உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்தே இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு; அவர்களிலும் வயோதிகரே மிகுதி.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய செவிலிப் பணி நூலை நான் அடிக்கடி புரட்டுவதுண்டு. தான் அருகில் இல்லாத வேளையிலும் தான் இருந்தால் நடப்பதே நடக்கும்படி ஏற்பாடு செய்வதற்கென்றே அதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. நம் நிர்வாகிகளோ பகலில் வரும் அதிகாரிக்காக வெள்ளையடிப்பதில் காட்டும் சிரத்தையை இரவுக்குக் காட்டுவதில்லை!

கல்வராயன் மலைக்கும் நீ போய்வருவதாக எழுதியிருந்தாய். அங்கே, பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட, தனியே இருக்கும் பாட்டிகளுக்கு அவர்களுடைய குடிசையே இல்லம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது பெரும் உபகாரம். ஆனால் அதே மாத்திரையால் சிலருக்குச் சட்டென்று எழும்போது தலை சுற்றும் என்பதையும், சற்று உட்கார்ந்திருந்து பிறகு எழ வேண்டும் என்பதையும் அப்பாட்டிகளுக்குச் சொல். அடுப்பருகே தொங்கும் சேலைத் தலைப்பையும், வாசற்படியின் உயரத்தையும் பார்த்துவிட்டு வா.

உன் இல்லத்தில் இன்றிரவு விழித்திருப்பவர் யார் என்பதை அடுத்த கடிதத்தில் எனக்குத் தெரிவி.