சாயப் பொடியும் சூரிய மின்கலமும்

டோம்பிவிலி ரயில் நிலையத்துக்குக் கிழக்கேயுள்ள தொழிற்பேட்டையில் சாயங்களும் அவற்றுக்கான இடைநிலைப் பொருள்களும் உற்பத்தியாகின்றன. அங்கு சாயம் என்பது எடை போட்டு விற்கப்படும் சரக்கு. ஆனால் 1935 முதல் நீல நிறமியாக விற்பனையில் இருந்துவரும் தாமிர தாலோசயனின், 1986-இல் வேறொரு பணிக்கும் உதவியது. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், அதனையும் மற்றொரு கரிம நிறமியையும் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கேயுள்ள மென்படலங்களாக அடுக்கி, சூரிய ஒளியில் சுமார் 1 சதவீதத்தை மின்சாரமாக்கிக் காட்டினார்.

அளவு சிறிதாயினும் அது எழுப்பிய வினா பெரிது. ஒளி பட்டதும் நிறமியிலுள்ள எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. கரிமப் படலத்தில் அது விடுதலை பெறுவதில்லை. தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு பிணைந்தே நிற்கிறது. கிளர்வுற்ற இந்த இணை, தன் ஆயுள் முடிவதற்குள் பிரிக்கப்படாவிடில் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். ஆகவே எலெக்ட்ரான் எந்த உயரத்தில், எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அறிதல் இன்றியமையாதது.

1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கிய ஒளிமின் விளைவே இதற்கும் அடிப்படை. ஆனால் ஒரே ஒளிக்கற்றையைக் கொண்டு செய்யும் வழக்கமான சோதனை, கிளர்வுறாத எலெக்ட்ரான்களின் நிலைகளை மட்டுமே காட்டும். எனவே இரண்டு லேசர் துடிப்புகள் பயன்படுத்தப்படுகின்றன. முதல் துடிப்பு எலெக்ட்ரானை உயர்த்துகிறது. சற்றுத் தாமதித்து வரும் இரண்டாவது துடிப்பு அதனைப் படலத்திலிருந்தே வெளியேற்றுகிறது. வெளிவரும் எலெக்ட்ரானின் வேகம் அது நின்ற நிலையைச் சொல்லும். தாமதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் ஆயுள் தெரியும். அத்தாமதம் ஃபெம்டோ விநாடிகளில் அளக்கப்படுகிறது. ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு! பென்டசீன் படலத்தில் ஒரே ஒளித்துகளிலிருந்து இரண்டு கிளர்வுற்ற இணைகள் பிறக்கும்போது இடையே தோன்றும் நிலை, 2011-இல் இம்முறையாலேயே காணப்பட்டது.

டோம்பிவிலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? துணிக்குச் சாயம் தயாரிப்பவருக்கு நிறச்சாயல் சரியாக இருந்தால் போதும். மென்படலத்திலோ சிறிதளவு மாசும் கிளர்வுற்ற எலெக்ட்ரானைச் சிறைப்பிடித்துவிடும். விலை வேறுபாடு பிறப்பது இங்கேதான். 1933-இல் தொடங்கிய, மாதுங்காவிலுள்ள வேதித் தொழில்நுட்பத் துறையைச் சென்னையில் பிறந்த சாய அறிஞர் கி. வெங்கடராமன் வழிநடத்தினார். அதே வளாகம் இன்றும், டோம்பிவிலியிலிருந்து மத்திய ரயில்வேயில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், வேதித் தொழில்நுட்பக் கழகமாக இயங்குகிறது. சிறு தொழிலதிபர் லேசர் வாங்கவேண்டியதில்லை. அது ஆய்வுக்கூடத்தின் வேலை. அவருக்கு முதலில் தேவைப்படுவது, நிறமியை வெற்றிடத்தில் பதங்கமாக்கித் தூய்மை செய்யும் ஒரு குழாய் உலை.