இரைப்பைக்கு ஒரு சாளரம்

நாம் மென்று விழுங்கும் ஒரு கவளம் சோறு, தொண்டையைக் கடந்த அளவிலேயே நம் ஆட்சியினின்று நீங்கிவிடுகிறது. கையை அசைக்க நினைக்கிறோம்; கை அசைகிறது. இரைப்பையோ நம்மைக் கேளாமலே தன் தொழிலைச் செய்கிறது; நாம் உறங்கும்போதும் அது தன் தொழிலை விடுவதில்லை. அதனுள் என்ன நிகழ்கிறது? பசியை ‘வயிற்றுத் தீ’ என்று சொல்வது நம் வழக்கு. உண்ட உணவை வயிற்றின் வெப்பமே இரண்டாம் முறை சமைக்கிறது என்னும் எண்ணம் நம் நாட்டில் மட்டுமன்றிப் பண்டைக் கிரேக்க நாட்டிலும் இருந்தது. பிற்காலத்து ஐரோப்பிய அறிஞருள் சிலர், உணவு உரலிலிட்ட தானியம்போல் அரைபடுகிறது என்றனர். வேறு சிலர், கள்போலப் புளித்து மாறுகிறது என்றனர். அழுகிக் கரைகிறது என்றாரும் உளர். ஒருவரும் கண்டவரல்லர், எல்லாரும் கருதிச் சொன்னவரே.

பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் என்பார் 1752-ஆம் ஆண்டில் ஒரு பருந்தைத் துணைக்கொண்டார். செரியாத பொருளைக் கக்கிவிடுவது அப்பறவையின் இயல்பு. அவர் சிறிய உலோகக் குழாயினுள் இறைச்சியை அடைத்துப் பருந்தை விழுங்கச் செய்தார். அது கக்கிய குழாயைப் பார்த்தபோது இறைச்சியின் பெரும்பகுதி கரைந்திருந்தது. உலோகக் குழாயினுள் இருந்த இறைச்சி அரைபட்டிருக்க இயலாதன்றோ? இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி இன்னும் ஒருபடி மேலே சென்று, உணவைச் சிறு துணிப்பைகளிற் கட்டித் தாமே விழுங்கி ஆராய்ந்தார். இரைப்பையில் ஊறும் ஒரு நீரே உணவைக் கரைக்கிறது என்பது இவற்றால் புலனாயிற்று. அந்நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டென்பதை 1824-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் வெளியிட்டார். ஆயினும், உயிரோடு நடமாடும் ஒரு மனிதனின் இரைப்பையை நாள்தோறும் நேரே நோக்கி, நிகழ்வதைக் குறித்து வைப்பது நடவாத செயலாகவே இருந்தது. அது நடந்தது ஒரு விபத்தினால்.

அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள ஹியூரான் ஏரியில் மாக்கினா என்னும் சிறு தீவு உண்டு. விலங்குகளின் மென்மயிர்த் தோலை வாங்கி விற்கும் வணிகர் அக்காலத்தில் அங்கே கூடுவர். தோல் மூட்டைகளைப் படகிலேற்றித் துடுப்பு வலித்துச் செல்லும் தொழிலாளருள் ஒருவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடா நாட்டு இளைஞர். 1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அத்தீவின் பண்டசாலையில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்தது. மூன்றடித் தொலைவுக்குள் நின்ற அலெக்சிஸின் இடப்பக்கத்தை அந்த வெடி பிளந்தது. விலா எலும்புகள் முறிந்தன. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கியது. இரைப்பையில் துளை விழுந்து, அவர் காலையில் உண்ட உணவு அவ்வழியே வெளிவந்தது.

அத்தீவின் கோட்டையிலிருந்த படை மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் விரைந்து வந்தார். அவர் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். ஒரு மருத்துவரை அடுத்து, உடனிருந்து தொண்டு செய்து கற்றவர். நம் முன்னோர் ஆசிரியர் இல்லத்தில் தங்கிக் கற்ற முறைக்கு அது மிகவும் தொலைவானதன்று. காயம்பட்டவர் பிழைப்பார் என்று அவர் எண்ணவில்லை. எனினும் மருந்திட்டார், ஓராண்டுக்கு மேல் பேணினார். அலெக்சிஸ் பிழைத்தார். ஊரார் இனிச் செலவை ஏற்க இயலாதென்று மறுத்தபோது, பியூமாண்ட் அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார்.

காயம் ஆறிற்று, துளை மட்டும் மூடவில்லை. இரைப்பைத் துளையின் விளிம்பு உடற்சுவரின் காயத்தோடு ஒட்டி வளர்ந்து, வெளியினின்று இரைப்பைக்கு ஒரு வழி நிலைத்துவிட்டது. நாளடைவில் இரைப்பையின் உட்சுவர் ஒரு மடிப்பாக வளர்ந்து அத்துளையை உள்ளிருந்து திரைபோல் மறைத்தது. விரலால் அத்திரையைச் சிறிது தள்ளினால் உள்ளே நோக்கலாம். துளையைத் தைத்து மூட அலெக்சிஸ் இசையவில்லை என்று பியூமாண்ட் எழுதியுள்ளார். அவ்வாறே இருக்கலாம். ஆனால் இவ்வழக்கில் ஒருவர் கூற்றே நமக்குக் கிடைத்துள்ளது என்பதை நாம் மறத்தல் ஆகாது, அலெக்சிஸ் எழுத்தறியாதவர்.

1825-இல் ஆராய்ச்சி தொடங்கிற்று. ஒருநாள் நண்பகலில் பட்டுநூலில் ஆறு பொருள்களைக் கட்டித் துளைவழியே இரைப்பைக்குள் இறக்கினார் பியூமாண்ட். பச்சை முட்டைக்கோசுத் துண்டு, பழைய ரொட்டித் துண்டு, இறைச்சி வகைகள் நான்கு ஆகியவை அவை. ஒரு மணி நேரம் கழித்து நூலை வெளியே இழுத்துப் பார்த்தார். முட்டைக்கோசும் ரொட்டியும் பாதியளவு கரைந்திருந்தன. இறைச்சிகள் அப்படியே இருந்தன. மீண்டும் உள்ளே விட்டு, இரண்டாம் மணி முடிவில் எடுத்தபோது, முட்டைக்கோசு, ரொட்டி, பன்றி இறைச்சி, வேகவைத்த மாட்டிறைச்சி ஆகிய நான்கும் நூலில் இல்லை. எஞ்சிய இரண்டும் பெரிதும் மாறவில்லை. இதற்குள் அலெக்சிஸுக்கு வயிற்றில் வலி தோன்றியது என்றும் அக்குறிப்பிலேயே காணப்படுகிறது. இதை எளிதாகப் படித்துச் செல்லுகிறோம்; உள்ளே நூல் தொங்க, உண்ணாமல் காத்திருந்தவர் ஒரு மனிதர்.

இவற்றுள் சிறந்தது புட்டி ஆராய்ச்சியே என்பது என் கருத்து. பியூமாண்ட் இரைப்பை நீரைச் சிறிது வெளியே எடுத்துப் புட்டியிலிட்டு, அதில் ஓர் இறைச்சித் துண்டைப் போட்டார். இரைப்பையின் வெப்பம் ஏறத்தாழ 100 பாரன்ஹீட் பாகை என்பதை வெப்பமானியை உள்ளே செலுத்தி முன்னரே அறிந்திருந்தார். ஆதலின் புட்டியையும் அதே வெப்பமுள்ள நீரில் வைத்தார். உடலுக்கு வெளியே, கண்ணாடிக்குள்ளே, அந்த இறைச்சி மெல்ல மெல்லக் கரைந்தது. இரைப்பைக்குள் கரைவதைவிட நேரம் மிகுதியாயிற்று, ஆயினும் கரைந்தது. உரலும் இல்லை, அடுப்பும் இல்லை. அழுகல் நாற்றமும் இல்லை. செரித்தல் என்பது ஒரு வேதியியற் செயல் என்பதைக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டா. இரைப்பையின் அசைவு அந்நீரை உணவோடு கலந்து விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. அமிலத்தோடு சேர்ந்து புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் பொருளை ஜெர்மானிய அறிஞர் ஷுவான் 1836-இல் கண்டறிந்தார்.

பியூமாண்ட் கண்ட வேறு சிலவும் நமக்குப் பயன்படுவன. நன்கு மென்ற உணவு விரைவிற் கரைகிறது. கொழுப்பு மிக்க உணவு தங்கி நிற்கிறது. சினம் கொண்டபோது செரித்தல் தடைப்படுகிறது. அலெக்சிஸ் அடிக்கடி சினங்கொண்டதில் வியப்பில்லை. எந்த உணவு எத்துணை நேரத்தில் இரைப்பையை விட்டு நீங்குகிறது என்று அவர் ஒரு பட்டியலும் இட்டார். அதன்படி சோற்றுக்கு 1 மணி நேரம். வறுத்த பன்றி இறைச்சிக்கு 5¼ மணி நேரம். முன்னர் உண்டது செரித்தமையை அறிந்தே பின்னர் உண்ணவேண்டும் என்பது ‘மருந்து’ அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறும் நெறி. நாம் அதனைப் பசியால் அறிகிறோம். பியூமாண்ட் கண்ணாலேயே கண்டார்.

ஆயினும் அப்பட்டியல் ஒரே மனிதனின் இரைப்பையைக் கொண்டு இட்டதாகும். மேலும் இரைப்பையை விட்டு நீங்கியதெல்லாம் செரித்து முடிந்தது ஆகாது. சோற்றிலுள்ள மாவுப்பொருளை வாயில் உமிழ்நீர் சிதைக்கத் தொடங்குகிறது. எஞ்சிய பெரும்பகுதி சிறுகுடலில், கணையநீரால் சிதைகிறது. கொழுப்புக்கு அங்கே பித்தநீர் துணைசெய்கிறது. கரைந்த சத்து இரத்தத்தோடு கலப்பதும் பெரும்பாலும் சிறுகுடலிலேதான். பியூமாண்டுக்குக் கிடைத்த சாளரம் பல அறைகள் உள்ள ஒரு வீட்டில் ஓர் அறையை மட்டுமே காட்டிற்று. உணவு உள்ளே பட்டால்தான் இரைப்பை நீர் சுரக்கும் என்று அவர் கருதியதையும் ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் பின்னர்த் திருத்தினார். உணவின் மணமும் சுவையுமே அதனைச் சுரக்கச் செய்கின்றன. இறைச்சியைக் கரைக்கும் அந்நீர் இரைப்பையையே ஏன் கரைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வழவழப்பான ஒரு படலம் உட்சுவரைப் போர்த்திக் காக்கிறது. அச்சுவரின் மேற்பரப்பும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது.

அலெக்சிஸ் 1825-லேயே ஒருமுறை சொல்லாமற் சென்று, தம் நாட்டில் மணம் புரிந்து வாழ்ந்தார். பியூமாண்ட் தேடிக் கண்டு அழைக்க, 1829-இல் மனைவி மக்களோடு திரும்பினார். 1832-இல் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி, உணவும் உறையுளும் நீங்க அவருக்கு ஓராண்டுக்குக் கூலி 150 டாலர். 238 ஆராய்ச்சிகளைக் கொண்ட பியூமாண்டின் நூல் 1833-இல் வெளிவந்தது. அவர் புகழ் பரவிற்று. 1834-இல் ஊர் சென்ற அலெக்சிஸ், பின்னர் எத்தனை கடிதம் வந்தும் அவரிடம் திரும்பவில்லை. பயிர்த்தொழிலும் கூலித்தொழிலும் செய்து, வறுமையிலேயே மக்களை வளர்த்தார்.

பியூமாண்ட் 1853-இல் இறந்தார். வயிற்றில் துளையோடு வாழ்ந்த அலெக்சிஸ் அதற்குப் பின் 27 ஆண்டுகள் இருந்து, 1880-இல் கனடாவின் கியூபெக் பகுதியில் காலமானார். அவர் உடலை அறுத்து ஆராயவும் இரைப்பையைக் காட்சிச்சாலையில் வைக்கவும் மருத்துவர் விரும்பினர். குடும்பத்தார் இசையவில்லை. கோடை வெயிலில் உடலைச் சில நாள் வைத்திருந்து, எவருக்கும் பயன்படாத நிலை வந்தபின், எட்டடி ஆழக் குழியில் அடக்கம் செய்தனர். அந்நாட்டு உடலியல் அறிஞர் 1962-இல் அவ்வூரில் அவர் பெயர் பொறித்த நினைவுப் பலகை ஒன்றை வைத்தனர்.