மேல்நோக்கி வளரும் வேர்கள்

கேள்வி: பிச்சாவரத்தில் சில மரங்களைச் சுற்றி வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, ஏன்?

பதில்: அவை வெண்கண்டல் மரத்தின் சுவாச வேர்கள். வேருக்கும் ஆக்சிஜன் தேவை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தக் கழிமுகச் சேற்றிலோ, காற்று புகும் இடைவெளியையெல்லாம் நீர் அடைத்துவிடுகிறது. அதனால் பென்சில் பருமனுள்ள கிளைவேர்கள் சேற்றுக்கு மேலே எழுகின்றன. அவற்றின் பட்டையில் நுண்துளைகள் உண்டு. உள்ளே காற்றறைகள் நிறைந்த, பஞ்சு போன்ற திசு. ஓதம் ஏறித் துளைகள் மூழ்கியதும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்ததும் வெளிக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. தசையோ இதயமோ இல்லாத ஓர் உயிர், கடலின் ஏற்ற இறக்கத்தையே மூச்சாக்கிக்கொள்வது உண்மையிலேயே வியப்புக்குரியது.

உப்பும் ஒரு சிக்கல்தான். வெண்கண்டலின் வேர் பெரும்பகுதி உப்பைத் தடுக்கிறது. மீறி வருவதை இலையின் உப்புச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் உப்புப் பரல்கள் விரலில் ஒட்டும். அருகிலேயே வளரும் சுரபுன்னைக்கு இந்தச் சுரப்பிகள் கிடையாது. அது உப்பை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. இளகிய சேற்றில் சாயாமல் நிற்க, தண்டிலிருந்து வளைந்திறங்கும் முட்டு வேர்கள் அதற்கு உண்டு. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகத் தொங்கிய பிறகே விழுகிறது. விழுந்த இடத்தில் சேறு இருந்தால் அங்கேயே வேர்விடும். நீர் இருந்தால் மிதந்துபோய் வேறிடத்தில் ஊன்றும்.