மணியோசை வலிக்கும் பிள்ளைகள்

ஞாயிறு சமய வகுப்பில் தொண்டூழியம் செய்யும் தம்பி, தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, பூசை நேரத்தில் காதைப் பொத்திக்கிட்டுக் கத்துற பிள்ளையை என்ன பண்றது?" பின்னால் நிற்பவர்கள் அதற்குள் தீர்ப்பே சொல்லிடுவாங்க. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க." அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று யோசிப்பவர்கள் குறைவு.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. வளர்ப்பில் வந்த குறையல்ல. டாக்டர் லியோ கானர் 1943-இல் அமெரிக்காவில் இதைப் பற்றி எழுதியபோதே, சில பிள்ளைகள் வாக்குவம் கிளீனர் சத்தத்துக்கு நடுங்கியதைக் குறித்து வைத்தார். ஆனாலும் ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது 2013-இல்தான். ஐம்புலன்களோடு உடலின் சமநிலை, கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு இரண்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்ம கோவிலை நினைத்துப் பாருங்கள். மணி, மேளம், சாம்பிராணிப் புகை, ஈரத் தரை, நெருக்கும் கூட்டம், நெற்றியில் யாரோ ஒருவர் விரல். எல்லாம் ஒரே நேரத்தில். நமக்கு மெய்சிலிர்க்கிறது. சில பிள்ளைகளுக்கு அது வலி. கத்துவதும் ஓடுவதும் அந்த வலியிலிருந்து தப்பிக்கும் முயற்சி.

அடம் வேறு, இது வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். தாங்க முடியாமல் உடைந்துபோன பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தாலும் நிற்காது. அப்போது அதட்டாதீர்கள். "அண்ணா கண்ணைப் பாரு" என்றும் சொல்லாதீர்கள். கூட்டத்தை விலக்கி, அமைதியான இடத்துக்கு வழிவிட்டு, பேச்சைக் குறையுங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பவர் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கலாம்.

எங்கள் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன். தீபாராதனை மணி அடித்தாலே வாசலுக்கு ஓடுவான். யாரோ சொன்ன வார்த்தையால் அவன் அம்மா சில மாதங்கள் கோவிலுக்கே வரவில்லை. திரும்பி வந்தபோது அவரிடமே கேட்டுக் கேட்டு ஒரு வழி கண்டுபிடித்தோம். செருப்பைக் கழற்றுவது, கால் கழுவுவது, பிள்ளையார், பிரகாரம், பிரசாதம், வீடு என்று ஆறு படங்களை வரிசையாக ஒட்டி முதல் நாளே காட்டினோம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது. வெள்ளி மாலைக்குப் பதில் கூட்டமில்லாத காலை. மணி அடிக்கும் முன் காது மூடி. கோவிலில் அதைப் போடுவது மரியாதைக் குறைவு என்று ஒரு தாத்தா சொன்னார். அர்ச்சகரே "பரவாயில்லை, விடுங்க" என்றார்.

திருநீறு பூசுவதில்தான் நான் நிறையக் கற்றேன். இப்படிப்பட்ட பல பிள்ளைகளுக்கு இலேசாக வருடும் விரலைவிட அழுத்தமான தொடுதல் எளிது. இவனுக்கோ அதுவும் வேண்டாம். உள்ளங்கையில் கொடுத்தால் தானே பூசிக்கொள்கிறான். பிரகாரத்தை எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றுவான், தண்ணீர் வாளியை ஆசையாகத் தூக்குவான். அசைவும் பாரமும் அவனை அமைதிப்படுத்துகின்றன. இன்னொரு பிள்ளைக்கு இதுவே பிடிக்காமல் போகலாம்.

தீபாவளிக்குப் புதுச் சட்டையை ஒருமுறை துவைத்து, லேபலை வெட்டி, ஜரிகை உறுத்தாமல் உள்ளே பருத்தி சிங்லெட் போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் எத்தனை மணிக்கு வெடி வெடிப்பார்கள் என்று கேட்டு வைப்பதும் உதவும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போக ஆசைப்பட்டால், பலர் செய்வதுபோல முந்தைய நாள்களிலேயே போய்வரலாம்.

ஒரு பிள்ளையைப் பார்த்து "இது ஆட்டிசம்" என்று முடிவு கட்டுவது நம் வேலையல்ல. பெற்றோரே கவலையோடு கேட்டால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கைச் சொல்லுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகு சமூக நலத்துறையில் பதிந்து ஓகேயு அட்டை எடுக்கலாம். பாரம் நிரப்ப உதவி கேட்டால் கூடப் போங்கள்.

வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையின் அம்மாவிடம் பெயர், வயதோடு இதையும் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: "அக்கா, எந்தச் சத்தம் இவருக்குப் பிடிக்காது? எது பண்ணினா அமைதியாவார்?"