இருபது நாளுக்கு ஒரு நாள்

ஒற்றசேகரமங்கலம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. ரப்பர் சாமான் செய்யும் கம்பெனியில் ஹாஜர் புத்தகமும் சம்பளக் கணக்கும் பார்க்கும் வேலை உனக்குக் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். லீவுக் கணக்கும் உன் மேசைக்குத்தான் வரும். தொழிலாளிகளில் பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. எழுதுகிறவன் விட்டுவிட்டால் அந்த நாள் போனது போனதுதான்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த கணக்கு இது: ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்துவிட்டது. இருபதுக்கு ஒன்று என்பதில் மாற்றமில்லை.

பிசகு நடப்பது வகுத்தலில் இல்லை, எந்த நாளை எண்ணுவது என்பதில்தான். ஒரு பெண் தொழிலாளி ஆண்டில் 170 நாள் வேலை பார்த்தார், 84 நாள் பிரசவ லீவில் இருந்தார் என்று வைத்துக்கொள். பழைய சட்டப்படியே அது 254 நாள்; 240-ஐத் தாண்டிவிட்டார். ஆனால் லீவு சேர்வது வேலை பார்த்த 170 நாளுக்கு மட்டும். இருபதால் வகுத்தால் எட்டரை வரும். அரை நாளோ அதற்கு மேலோ மிஞ்சினால் முழு நாளாக எழுதச் சொன்னது அந்தப் பழைய சட்டத்தின் 79-ஆம் பிரிவு. ஆக, ஒன்பது நாள். வராத நாள் என்று 84-ஐத் தள்ளிவிட்டு அவர் பெயருக்கு நேரே சைபர் போடுகிற கணக்கர், ஒன்பது நாள் கூலியை அவர் மடியிலிருந்து எடுக்கிறார். லே-ஆஃப் நாட்களும், ஏற்கெனவே எடுத்த ஆண்டு லீவும் இதே கணக்குத்தான்: தகுதிக்குச் சேரும், புது லீவு ஈட்டித் தராது.

ஓணத்தை ஒட்டி ஒருவர் திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை லீவு கேட்டால் எட்டு நாள் கழிக்காதே. நடுவில் வரும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் லீவில் சேராது.

எடுக்காத லீவு 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குப் போகும். கேட்டும் கிடைக்காத லீவுக்கு அந்த வரம்பே இல்லை. அதனால் விண்ணப்பத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடக் கூடாது. மேனேஜர் மறுத்தால், மறுத்தார் என்று தேதியோடு எழுது. அந்த ஒரு வரி இல்லையென்றால் தொழிலாளி கையில் ஆதாரம் ஏது?

சட்டம் இவ்வளவுதான் கொடுக்கச் சொல்கிறது என்று உன் கம்பெனியில் யாராவது பேசலாம். வதோதராவின் அலெம்பிக் கெமிக்கல் ஒர்க்ஸ் நிர்வாகமும் அப்படித்தான் வாதாடியது. 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் வைத்தது குறைந்தபட்ச அளவு, தீர்ப்பாயம் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றது.

கடைகளின் கதை வேறு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் சேர்ந்தது. இன்று பாறசாலைக் கடைக்காரருக்குக் கேரளத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். களியக்காவிளைக் கடைக்காரருக்குத் தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம். ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் ஆண்டு லீவு என்று இரண்டுமே சொல்கின்றன. ஊழியர் எந்த ஊர்க்காரர் என்பது பொருட்டல்ல, கடை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நம்மூர்ச் சரிவுகளில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இருபதுக்கு ஒன்று கொடுத்தது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளிகளும் உள்ள தோட்டத்துக்குத்தான். ஒன்றிரண்டு ஏக்கர் விளைகளில் விடியுமுன் கத்தியோடு மரம் மரமாகப் போய் வெட்டுகிறவருக்கு அது எட்டவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை. அதே வீட்டிலிருந்து துபாய்க்குப் போன தம்பிக்கு ஓராண்டு முடிந்தால் 30 நாள் சம்பளத்தோடு லீவு. இந்த வித்தியாசம் நியாயமில்லை என்று மாமா பஞ்சாயத்துக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

உன் கையில் இருப்பதையாவது முழுசாகக் கொடு. ஒருவர் வேலையை விட்டுப் போனால் மிச்ச லீவுக்கான பணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். இறந்துபோனால் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்குள். சம்பளத் தேதிக்கு வந்து பாருங்கள் என்று யாரையும் திருப்பி அனுப்பாதே.

அன்புடன்,
மாமா